தோல் ஆறினாலும் ஆறாத அரிப்பு: தண்டுவடத்தின் துணைசெல்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

இந்த நிகழ்வின் நோயாளி ஒரு சுண்டெலி. மனித நோயாளி ஒருவரை வைத்தே எழுதியிருக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும் மனிதரின் தண்டுவடத்தைத் திறந்து, உள்ளே எந்த செல் பருத்திருக்கிறது என்று பார்க்க முடியாது. நாள்பட்ட அரிப்பின் வேர் தோலோடு நிற்கவில்லை, நரம்பு மண்டலத்துக்குள்ளும் போயிருக்கிறது என்பதை செல் செல்லாகக் காட்டிக் கொடுத்தது இந்தச் சின்ன உயிர்தான்.

என்சி/என்ஜிஏ என்பது அதன் இனப் பெயர். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 1957-இல் உருவான எலி வகை. நோய்க்கிருமிகள் அண்டாத சுத்தமான கூண்டில் வளர்த்தால் இதற்கு ஒரு குறையும் வராது. அதே எலியைச் சாதாரணக் கூண்டுக்கு மாற்றினால் சில வாரங்களில் சொறிய ஆரம்பித்துவிடும். முகம், காது, கழுத்து, முதுகின் மேல்பகுதி என்று தோல் சிவந்து, தடித்து, கீறலும் ரத்தமுமாக ஆகும். ரத்தத்தில் ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ எதிர்ப்பொருள் ஏறும். மனிதர்களுக்கு வரும் அட்டோபிக் எக்ஸிமா என்ற நாள்பட்ட தோல் அழற்சிக்கு மிக நெருக்கமான விலங்கு மாதிரி இது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, உலகம் முழுக்க அரிப்பு ஆய்வாளர்கள் இதைக் கையிலெடுத்தார்கள்.

எலிக்கு அரிக்கிறதா வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. எலியின் கன்னத்தில் வலி உண்டாக்கும் பொருளைச் செலுத்தினால் முன்னங்காலால் முகத்தைத் துடைக்கும். அரிப்பு உண்டாக்கும் பொருளைச் செலுத்தினால் பின்னங்காலைத் தூக்கிச் சொறியும். இரண்டும் தெளிவாக வேறு வேறு செய்கைகள் என்று 2008-இல் ஷிமாடாவும் லாமோட்டும் காட்டினார்கள். இந்தப் பின்னங்கால் அசைவை இரவு பகலாக எண்ண ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பாதத்தின் தோலுக்கடியில் குட்டிக் காந்தம் ஒன்றை வைத்து, கூண்டைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஒன்றைச் சுற்றிவிடுவார்கள். கால் வேகமாக அசையும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் தோன்றும். கணினி அதை எண்ணிக்கொள்ளும்.

மனிதர்களில் 6 வாரத்துக்கு மேல் நீடிக்கும் அரிப்பை நாள்பட்டது என்கிறார்கள். எக்ஸிமா, சோரியாசிஸ், சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரலில் பித்தம் தேங்குவது, நரம்புக் கோளாறு என்று காரணங்கள் பல. அனுபவம் மட்டும் ஏறக்குறைய ஒன்றே: தூக்கம் கெடும், கவனம் சிதறும், தோல் புண்ணாகும், கூட இருப்பவர்கள் “சொறியாதே, சொறியாதே” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த வார்த்தை நோயாளிகளுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இந்த எலியின் தண்டுவடத்தைப் பார்த்தால் உணரலாம்.

நிகழ்வுக்கு முன் தெரிந்திருந்தவை

சாதாரண அரிப்பின் பாதை ஓரளவு தெளிவாகவே இருந்தது. தோலில் ஹிஸ்டமின் போன்ற ஏதோ ஒன்று கசிகிறது. மெல்லிய உணர்வு நரம்பிழைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. அவற்றின் செல் உடல்கள் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் முடிச்சு முடிச்சாக இருக்கும் நரம்பு முடிச்சுகளில் இருக்கின்றன. அங்கிருந்து செய்தி தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதிக்குப் போய், அடுத்த நியூரானுக்கு, அதாவது நரம்புச் செல்லுக்கு, கைமாறி, மூளைக்கு ஏறுகிறது.

கைமாறும் அந்த இடத்தில் அரிப்புக்கென்றே ஒரு நியூரான் கூட்டம் இருக்கிறது என்பது 2007-க்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சன், சென் இருவரும், ஜிஆர்பி என்ற சிறு புரதத்தின் ஏற்பி (அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) இல்லாத எலிகள் குறைவாகச் சொறிவதைக் கண்டார்கள். 2009-இல் அந்த ஏற்பி உள்ள நியூரான்களை மட்டும் தேர்ந்து அழித்தபோது எலிகளின் சொறிதல் ஏறக்குறைய நின்றே போனது. வலி உணர்வோ அப்படியே இருந்தது. அரிப்பு என்பது லேசான வலிதான் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட கருத்துக்கு அது பலத்த அடி.

ஆனால் இது எல்லாமே நியூரான்களின் கதை. கொசு கடித்தால் சொறிந்துவிட்டு மறந்துவிடுகிறோம். சிலருக்கு மட்டும் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏன் நிற்பதில்லை என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. தோல் இன்னும் வீங்கியிருக்கிறது, அதனால் அரிக்கிறது என்பது பாதி பதில்தான். எக்ஸிமா நோயாளிகளிடம் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை அரிப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை. இன்னொரு தடயம் மனிதர்களிடமிருந்தே கிடைத்தது. 2004-இல் இகோமாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாக வலியை உண்டாக்க வேண்டிய தூண்டுதல்கள் நாள்பட்ட அரிப்பு உள்ளவர்களின் தோலில் அரிப்பையே உண்டாக்கின. உடை உரசினாலே அரிக்கிறது என்று நோயாளிகள் சொல்வதும் இதே வகைதான். தோலிலிருந்து போகும் செய்தியை உள்ளே யாரோ மாற்றி வாசிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கண்டது

2015-இல் ஃபுகுவோகாவில் உள்ள கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ ஷிராடோரி-ஹயாஷி, மகோடோ சுடா குழுவினரின் ஆய்வு நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. நோய் முற்றிய எலிகளின் தண்டுவடத்தில் அவர்கள் பார்த்தது நியூரான்களை அல்ல, அவற்றைச் சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளை.

இந்த செல்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் நியூரான்களோடு சேர்ந்து வாழும் துணைசெல்கள் பல வகை. அவற்றில் நட்சத்திரம் போல நாலா பக்கமும் கிளை நீட்டியிருப்பவை ஆஸ்ட்ரோசைட்டுகள். நியூரான்கள் பேசி முடித்த பிறகு மிச்சமாகக் கிடக்கும் குளூட்டமேட் என்ற செய்தி ரசாயனத்தை உறிஞ்சுவது, வெளியே சேரும் பொட்டாசியத்தை அகற்றுவது, ரத்தக் குழாய்க்கும் நியூரானுக்கும் நடுவில் நின்று ஊட்டம் கொடுப்பது எல்லாம் இவற்றின் வேலை. மனித மூளையில் ஒரே ஆஸ்ட்ரோசைட்டின் எல்லைக்குள் 20 லட்சம் வரை நரம்புச் சந்திப்புகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை சந்திப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு செல்லை ரொம்ப காலம் வெறும் தாங்குகட்டை என்று நினைத்து ஒதுக்கி வைத்ததை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்ட்ரோசைட்டுக்குச் சிக்கல் என்றால் அதன் உருவம் மாறும். உடல் பருக்கும், கிளைகள் தடிக்கும், ஜிஎஃப்ஏபி என்ற இழைப் புரதம் பெருகும். அந்தப் புரதத்துக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அமைதியான செல்லையும் கிளர்ச்சியடைந்த செல்லையும் பிரித்தறியலாம். சொறியும் எலிகளின் பின்கொம்பில் இந்தக் கிளர்ச்சி பளிச்சென்று தெரிந்தது. முக்கியமான விஷயம், தண்டுவடம் முழுக்க அல்ல. புண்ணான தோலிலிருந்து நரம்பு வந்து சேரும் தண்டுவடத் துண்டுகளில்தான். உடல் முழுக்கப் பரவும் அழற்சிதான் காரணம் என்றால் இப்படி இடம் பார்த்து மாற்றம் வராது. மாற்றம் நரம்பு வழியாகத்தான் வந்திருக்கிறது.

இன்னொன்று, அது நெடுநாள் நீடித்தது. தோலில் டைஃபீனைல்சைக்ளோபுரோப்பினோன் என்ற ஒவ்வாமை ரசாயனத்தைத் தடவி உண்டாக்கிய இன்னொரு வகை எலி நோயிலும் இதே மாற்றம் தெரிந்தது. ஆக, ஒரு இனத்து எலியின் தனிக்குணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

காரணமா, கூட்டாளியா?

ஒரு செல் பருத்திருக்கிறது என்பதால் அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. அரிப்பின் விளைவாகவும் அது பருத்திருக்கலாம். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்தச் சந்தேகத்தை அவர்கள் படிப்படியாகத் தீர்த்த விதம்.

கிளர்ச்சியடைந்த ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள் ஸ்டாட்3 என்ற புரதம் விழித்துக்கொண்டிருந்தது. செல்லுக்கு வெளியிலிருந்து வரும் அழற்சிச் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று மாற்றுகிற புரதம் இது. மரபணு நுட்பத்தால் ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் ஸ்டாட்3 இல்லாமல் செய்தார்கள். அந்த எலிகளில் நாள்பட்ட அரிப்பு அடங்கியது. அடுத்து, நோய் முழுதாக முற்றிய எலிகளின் தண்டுவடத்தில் ஸ்டாட்3-ஐத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். சொறிதல் குறைந்தது. முதல் சோதனை, இந்த மாற்றம் இல்லாமல் நோய் நிலைபெறாது என்கிறது. இரண்டாவது, நிலைபெற்ற பிறகும் அதைத் திருப்ப முடியும் என்கிறது. நோயாளிக்கு இரண்டாவதுதான் பெரிய ஆறுதல்.

அப்புறம், ஆஸ்ட்ரோசைட் என்னதான் செய்கிறது? நோயுற்ற எலிகளின் தண்டுவடத்தில் ஜிஆர்பி-யைச் செலுத்தினால் ஆரோக்கியமான எலிகளைவிட அதிகமாகச் சொறிந்தன. ஆஸ்ட்ரோசைட்டின் கிளர்ச்சியை அடக்கினால் அந்த மிகை மறைந்தது. ஸ்டாட்3 விழித்த ஆஸ்ட்ரோசைட் எதை அதிகமாகச் சுரக்கிறது என்று தேடியபோது அகப்பட்டது லிப்போகாலின்-2 என்ற புரதம். நோயே இல்லாத எலியின் தண்டுவடத்தில் அதைச் செலுத்திவிட்டு ஜிஆர்பி கொடுத்தால், அந்த எலியும் நோயாளியைப் போலவே கூடுதலாகச் சொறிந்தது. லிப்போகாலின்-2 இருக்கும்போது ஜிஆர்பி ஏற்பி உள்ள நியூரான்களின் துடிப்பு கூடுகிறது என்பதையும் இதே குழு 2020-இல் காட்டியது.

ஆஸ்ட்ரோசைட் அரிப்பைப் புதிதாக உண்டாக்கவில்லை. பேசுகிறவரின் குரல் அதேதான். ஒலிபெருக்கியின் திருகை யாரோ ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தோல் பாதி ஆறி, செய்தி மெலிந்த பிறகும் நோயாளிக்கு அரிப்பு குறையாமல் இருப்பது இதனால் புரிந்துகொள்ளக் கூடியதாகிறது.

நகம்

திருகை ஏற்றியது யார்? இந்த நிகழ்விலேயே என் மனதை அதிகம் தொட்ட பகுதி இதுதான்.

எலியின் பின்னங்கால் நகங்களை வெட்டிவிட்டார்கள். வேறு மருந்து ஒன்றுமில்லை. நகம் வெட்டிய எலிக்கும் அரிக்கும், அதுவும் காலைத் தூக்கும். ஆனால் தோல் கிழியாது. அந்த எலிகளின் தண்டுவடத்தில் ஆஸ்ட்ரோசைட் கிளர்ச்சி குறைந்திருந்தது.

அரிப்பு சொறிய வைக்கிறது, சொறிவது தோலைக் கிழிக்கிறது, கிழிந்த தோலிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி ஆஸ்ட்ரோசைட்டை எழுப்புகிறது, எழுந்த ஆஸ்ட்ரோசைட் அரிப்பைக் கூட்டுகிறது. சொறிந்தால் அரிப்பு அதிகமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது தோலோடு முடிவதில்லை, தண்டுவடம் வரை போய்த் திரும்பும் சுற்று என்பதுதான் புதிது.

தூது போவது யார் என்பதும் பிறகு தெளிந்தது. நரம்பு முடிச்சுகளில் உள்ள உணர்வு நியூரான்களில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிச் செய்திப் புரதம் கூடுகிறது. அது ஆஸ்ட்ரோசைட்டைத் தொடுகிறது. பொதுவாக ஸ்டாட்3 சிறிது நேரம் விழித்து அடங்கிவிடும். இங்கே அது அடங்குவதே இல்லை. ஏன் என்று தேடியதில், ஆஸ்ட்ரோசைட்டுக்குள் கால்சியம் அளவு மாறுவது தெரிந்தது. செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடும் ஐபி3 ஏற்பி-1, வெளியிலிருந்து உள்ளே விடும் டிஆர்பிசி வாயில்கள் ஆகிய இரண்டும் சேர்ந்து ஸ்டாட்3-ஐத் தூங்க விடாமல் வைத்திருக்கின்றன. இது 2021-இல் வந்த ஆய்வு. 2022-இல் அதே கியூஷு குழு இன்னொரு வழியையும் காட்டியது: நாள்பட்ட அரிப்பில் உணர்வு நியூரான்களில் நியூரோனல் பென்ட்ராக்ஸின்-2 என்ற புரதம் பெருகி, ஜிஆர்பி ஏற்பி நியூரான்களுக்குப் போகும் தூண்டுதலைப் பலப்படுத்துகிறது. எனவே ஆஸ்ட்ரோசைட் மட்டுமே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று சொல்வதும் சரியாகாது.

சொறிவதற்கு வேறு தண்டனைகளும் உண்டு. சொறியும்போது உண்டாகும் சின்ன வலி அரிப்பைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது. அந்த வலியை அடக்க மூளை செரட்டோனின் என்ற செய்தி ரசாயனத்தை அனுப்புகிறது. அதே செரட்டோனின் ஜிஆர்பி ஏற்பி நியூரான்களை மேலும் உசுப்புகிறது என்று 2014-இல் எலிகளில் காட்டினார்கள். சுகமாக இருக்கும் அந்தச் சில நொடிகளிலேயே அடுத்த அரிப்பு தயாராகிவிடுகிறது.

விவாதம்

தோலை ஒதுக்கிவிட்டு எல்லாப் பழியையும் தண்டுவடத்தின் மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. இன்டர்லூகின்-4, 13, 31 ஆகியவை தோலிலேயே நரம்புகளைத் தூண்டுகின்றன. இன்டர்லூகின்-4, 13 இரண்டின் செய்தியையும் தடுக்கும் டூபிலுமாப் ஊசி 2017-இல் அனுமதி பெற்ற பிறகு எத்தனையோ எக்ஸிமா நோயாளிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஜாக் என்சைம்களைத் தடுக்கும் உபாடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் மாத்திரைகள் அமெரிக்காவில் 2022-இல் எக்ஸிமாவுக்கு வந்தன. இவை அரிப்பைக் குறைக்கும் வேகம் நோயாளிகளுக்கே வியப்பு. ஸ்டாட்3-ஐ எழுப்பும் என்சைம்கள் இந்த ஜாக் குடும்பம்தான். அதனால் இந்த மாத்திரைகள் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. உணர்வு நரம்புகளிலேயே ஜாக்1 இருக்கிறது, நாள்பட்ட அரிப்புக்கு அது தேவைப்படுகிறது என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. மாத்திரையின் பலனுக்கு அந்த விளக்கமும் பொருந்தும்.

சரி, எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தலாமா? எலியின் தோல் வேறு, அதன் ஆஸ்ட்ரோசைட்டும் அளவில் சின்னது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வேறுபாடும் இருக்கலாம். நாள்பட்ட அரிப்பிலும் ஆஸ்ட்ரோசைட் கிளர்ச்சியிலும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பிக்குப் பங்கு உண்டு என்று காட்டிய 2016 ஆய்வு ஆண் எலிகளைப் பற்றியது. ஆனாலும் வலி அரிப்பாக மாறுவதும் லேசான தொடுதல் அரிப்பாவதும் மனிதர்களிடமே அளந்து பார்த்த உண்மைகள். அவற்றுக்கு இந்த எலிக் கதையைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நகத்தைக் குட்டையாக வெட்டுவது, தூங்கும்போது கையுறை, புண்ணான இடத்தில் ஈரக்கட்டு ஆகியவற்றை ஏதோ பாட்டி வைத்தியம் போல அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். எலியின் தண்டுவடத்தில் மாற்றத்தைக் குறைத்தது இதே வகை வேலைதான். அதிலும் குழந்தைகளுக்கு, அரிப்பு ஆரம்பித்த முதல் வாரங்களிலேயே மருந்தும் இந்த ஏற்பாடுகளும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “சொறியாதே” என்று அதட்டுவது இதில் சேராது. திருகு ஏறிய தண்டுவடத்தோடு ஒரு குழந்தை மன உறுதியால் போராட முடியாது.

மருந்து என்று வரும்போது கவனம் கூடுதலாக வேண்டும். ஸ்டாட்3-ஐ உடல் முழுக்க அடக்கிவிடலாமே என்று தோன்றும். பிறவியிலேயே ஸ்டாட்3 சரியாக வேலை செய்யாத மனிதர்கள் இருக்கிறார்கள். மிகை ஐஜிஇ நோய் என்று அறியப்படும் இந்தக் குறையின் மரபணுக் காரணம் 2007-இல் தெரிந்தது. அவர்களுக்கு அடிக்கடி தோல் கட்டிகளும் நுரையீரல் தொற்றும் வரும். அதோடு எக்ஸிமாவும் வரும். அரிப்பை நிறுத்தப் போய் அரிப்பு நோயையே வாங்கிக்கொள்வது போலாகிவிடும். ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் தடுத்தாலும் பிரச்சினை தீரவில்லை. தண்டுவடம் காயப்பட்ட எலிகளில் ஸ்டாட்3 இல்லாத ஆஸ்ட்ரோசைட்டுகளால் காயத்தைச் சுற்றி அரண் கட்ட முடியவில்லை. அழற்சி பரவி, எலிகள் மீள்வது கெட்டது என்று 2006-இலும் 2008-இலும் வெவ்வேறு குழுக்கள் காட்டின. லிப்போகாலின்-2-ஐத் தடுப்பதிலும் இதே சங்கடம். பாக்டீரியாக்கள் இரும்பைத் திருடப் பயன்படுத்தும் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்து நம்மைக் காப்பது அந்தப் புரதம். சொறிந்து கிழிந்து, ஏற்கெனவே ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறியிருக்கும் தோல் உள்ளவரிடம் அதைப் பறிப்பது ஆபத்து.

அதனால்தான் 2021-இன் கால்சியம் ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்டாட்3-ஐ அணைப்பது வேறு, அது அடங்காமல் நீடிப்பதை மட்டும் நிறுத்துவது வேறு. இரண்டாவது வழி திறந்தால், காயத்துக்குத் தேவையான அந்தச் சிறிது நேர விழிப்பு அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் நீளும் விழிப்பு மட்டும் போகும். ஐபி3 ஏற்பி-1 உடலில் பல இடங்களில், சிறுமூளை நியூரான்களில் ஏராளமாக இருப்பதால் அதை நேரடியாகத் தொட முடியாது. தண்டுவடத்தின் பின்கொம்பில் உள்ள ஆஸ்ட்ரோசைட்டை மட்டும் எட்டும் ஒரு வழி வேண்டும். வாயில் போடும் மாத்திரை ஒன்று ரத்தத்துக்கும் நரம்பு மண்டலத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பைத் தாண்டி அந்த ஒரு செல்லிடம் போய்ச் சேர்வதுதான் இப்போது இந்தத் துறையின் முன்னால் நிற்கும் வேலை.